240எஸ்எக்ஸ் காரில் எஸ்ஆர்20டிஇடி: வேக்குவம் லைன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை விற்ற நிசான் 240எஸ்எக்ஸ் டர்போவோடு வந்ததே இல்லை. அதே உடம்பில் ஜப்பானில் ஓடிய சில்வியாவுக்கும் 180எஸ்எக்ஸுக்கும் 2 லிட்டர் எஸ்ஆர்20டிஇடி டர்போ இன்ஜின் கிடைத்தது. அதனால் 240எஸ்எக்ஸின் 2.4 லிட்டர் கேஏ24 இன்ஜினை இறக்கிவிட்டு, ஜப்பானில் பிரித்து அனுப்பிய எஸ்ஆரைப் பூட்டுவது அங்கே பல வருடமாக நடக்கும் வேலை. மவுன்ட், வயரிங், டிரைவ்ஷாஃப்ட் எல்லாம் முடிந்து சாவி போடும் நேரத்தில் ஒரு கொத்து மெல்லிய ஹோஸ்கள் மிச்சமிருக்கும். இன்ஜினின் உறிஞ்சலையும் காற்றழுத்தத்தையும் சிக்னலாகக் கொண்டுபோகும் வேக்குவம் லைன்கள் அவைதான். பெரும்பாலான கேள்விகள் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கீழே உள்ள பதில்கள் 240எஸ்எக்ஸின் முதல் தலைமுறையான எஸ்13 உடம்பை மனதில் வைத்து எழுதியவை.

எந்த ஹோஸ் எங்கே போகும் என்று ஒரு படம் இருந்தால் போதாதா?

படம் வேண்டும்தான். ஆனால் காரின் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வேக்குவம் படம் கேஏ இன்ஜினுக்கானது. அதைப் பார்த்து எஸ்ஆருக்கு லைன் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஜப்பான் சர்வீஸ் மேனுவல் படம் எஸ்ஆருக்குச் சரி. ஆனால் அது வலது பக்க ஸ்டீயரிங் காருக்காக வரைந்தது. உங்கள் காரில் இடம், நீளம், வளைவு எல்லாம் மாறும்.

அதனால் ஒவ்வொரு ஹோஸையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது இதற்குள் என்ன நடக்க வேண்டும்? சாதாரண இன்ஜினில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சல்தான். டர்போ இன்ஜினில் அதே நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சிறு குழாய்வாய்) ஒரு நொடி உறிஞ்சும், அடுத்த நொடி ஊதும். சில லைன்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும். சிலவற்றுக்கு உறிஞ்சல் மட்டும் போதும், பூஸ்ட் உள்ளே போகவே கூடாது. இன்னும் சிலவற்றுக்கு பூஸ்ட் மட்டும் வேண்டும். இந்தப் பிரிவு மனதில் தெளிவானால் படம் இல்லாமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

சரி, எஸ்ஆரில் எந்தெந்த லைன் எந்தப் பிரிவு?

உறிஞ்சலும் பூஸ்டும் இரண்டுமே தெரிய வேண்டியவை: ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தைச் சரிசெய்வது), புளோ-ஆஃப் வால்வின் (த்ராட்டில் மூடும்போது தேங்கும் பூஸ்டை விடுவிப்பது) மேல் நிப்பிள், பூஸ்ட் மீட்டர். இவை மூன்றும் த்ராட்டில் தட்டுக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்து எடுக்க வேண்டும்.

உறிஞ்சல் மட்டும் போக வேண்டியவை: பிரேக் பூஸ்டர், பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு), சார்க்கோல் கேனிஸ்டரின் (பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பர்ஜ் லைன். மூன்றிலும் ஒருவழி வால்வு ஏதோ ஒரு வடிவில் இருந்தே ஆக வேண்டும்.

பூஸ்ட் மட்டும் வேண்டியது வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர். எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் திருப்பி பூஸ்டை மட்டுப்படுத்தும் கதவைத் திறப்பது அது. அதன் சிக்னல் த்ராட்டிலுக்கு முன்னால், டர்போவின் கம்ப்ரஸரிலிருந்து காற்று வெளியேறும் இடத்திலிருந்து வரும்.

ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர் லைனை ஏன் எல்லாரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? மெல்லிய ஹோஸ்தானே?

இன்ஜினைக் கொல்லக்கூடிய மெல்லிய ஹோஸ் அதுதான். வேஸ்ட்கேட் லைன் அதற்கு அடுத்தபடி.

எஸ்ஆரில் அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு அளந்தால் ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) சுமார் 43 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். ஹோஸை மாட்டினால் ஐடிலில் 35-ஐ ஒட்டி இறங்கும். பூஸ்ட் ஏறும்போது ரெகுலேட்டர் ஒரு பிஎஸ்ஐ-க்கு ஒரு பிஎஸ்ஐ கூட்டிக்கொண்டே போகும். 7 பிஎஸ்ஐ பூஸ்டில் ரெயிலில் 50 இருக்க வேண்டும். இன்ஜெக்டரின் மூக்கில் எதிர்த்து நிற்பது 7. வித்தியாசம் எப்போதும் 43-ஆகவே இருப்பதால்தான் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ-வின் கணக்கு தப்பாமல் இருக்கிறது.

இப்போது அந்த ஹோஸ் கழன்றுவிட்டது என்று வையுங்கள். ரெயில் 43-லேயே நிற்கும், எதிரில் 7, மிச்சம் 36. இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையும். 15 பிஎஸ்ஐ ஏற்றி ஓட்டும் காரில் மிச்சம் 28 மட்டுமே. பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஐடிலில் வண்டி கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடுவதைத் தவிர வேறு அறிகுறியே இருக்காது. முழு த்ராட்டிலில்தான் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) நாக் அடிக்கும், அதாவது கலவை சிலிண்டருக்குள் தானாக வெடிக்கும். அதைக் காதால் கேட்கும் நேரத்தில் பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு) போயிருக்கலாம்.

ஆகவே இந்த லைனுக்கு மேனிஃபோல்டில் தனி நிப்பிள், தனி ஹோஸ், முடிந்தவரை குட்டை, நடுவில் பிரிக்கும் மூன்று வழி டீ இணைப்பு எதுவும் கூடாது, இரண்டு முனையிலும் கிளிப். இதில் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன்.

போகிற போக்கில் ஒன்று: பழைய ரெகுலேட்டரின் அந்த ஹோஸை உருவி மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஹோஸ் மாற்றிப் பயனில்லை, ரெகுலேட்டரையே மாற்றுங்கள்.

எல்லா லைனையும் ஒரே வேக்குவம் பிளாக்கில் கொண்டுவந்து அழகாகப் பிரிக்கலாமா?

பார்க்க அழகாகத்தான் இருக்கும். பூஸ்ட் மீட்டருக்கும் அலாரம், லாகர் போன்ற சின்னச் சின்ன சென்சார்களுக்கும் தாராளமாக வைக்கலாம். ஆனால் அதிலேயே ரெகுலேட்டரையும் புளோ-ஆஃப் வால்வையும் சேர்த்தால், மீட்டருக்குப் போகும் ஒரு ஹோஸ் டாஷ்போர்டுக்குள் கழன்றாலும் மூன்றும் ஒன்றாகக் கெடும். பெட்ரோல் குறையும், வால்வு பூஸ்டிலேயே திறக்கும், காரணம் என்னவென்று தேடினால் இன்ஜின் பே முழுக்கச் சரியாக இருக்கும்.

புளோ-ஆஃப் வால்வு ஒவ்வொரு கியருக்கும் த்ராட்டில் விடும்போது ஒரு மடக்குக் காற்றை உறிஞ்சித் தள்ளும். அந்த அதிர்வு அதே பிளாக்கில் இருக்கும் மற்ற சிக்னல்களையும் ஆட்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் இசியூ போட்டிருந்தால் அந்த ஆட்டம் லாகில் பல் பல்லாகத் தெரியும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஜப்பான் இன்ஜினோடு வந்தது பொருந்தவில்லையே?

பொருந்தாது. எஸ்ஆரில் டர்போ காரின் வலது பக்கம், இன்டேக் மேனிஃபோல்டு இடது பக்கம். சில்வியாவில் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் வலது பக்கம் என்பதால் அந்த லைன் இடமிருந்து வலமாக ஃபயர்வாலைக் கடந்து போகும். அமெரிக்க 240எஸ்எக்ஸில் பூஸ்டர் இடது பக்கம், அதாவது மேனிஃபோல்டின் பக்கத்திலேயே. உங்களுக்கு வேலை சுலபம்: குட்டையான ஒரு ஹோஸ் போதும்.

குட்டை என்பதற்காகக் கையில் கிடைத்த ஹீட்டர் ஹோஸையோ மெல்லிய சிலிக்கானையோ போடாதீர்கள். உறிஞ்சலில் அது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்கென்றே விற்கும், உள்ளே நூல் பின்னல் கொண்ட தடித்த ஹோஸ்தான் வேண்டும்.

செக் வால்வு சில கார்களில் ஹோஸுக்குள் ஒளிந்திருக்கும். பழைய ஹோஸைத் தூக்கிப் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். அதன் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும். அம்பு அழிந்திருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் அடைக்க வேண்டும். இது இல்லாமல் ஓட்டினால் பூஸ்ட் நேராகப் பிரேக் பூஸ்டருக்குள் போகும், வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பெடல் கல்லாகிவிடும்.

ரோட்டுக்கு எடுக்கும் முன் சோதனை: இன்ஜின் நின்ற நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக வையுங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் காரை எடுக்காதீர்கள்.

வேஸ்ட்கேட் லைனை மேனிஃபோல்டிலிருந்தே எடுத்தால் என்ன?

ஓடும். ஆனால் கம்ப்ரஸர் வாயிலிருந்து எடுப்பதே நல்லது. அங்கிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரு சாண் தூரம்தான். ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் கேட் திறக்கும். அதோடு ஆக்சுவேட்டர் டயாஃப்ரத்தை ஐடிலில் தேவையில்லாமல் உறிஞ்சி இழுக்கும் வேலையும் இல்லை.

இந்த ஹோஸ் கழன்றால் கேட்டைத் திறக்க ஆளில்லை, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டில் வெந்து கழலும் முதல் ஹோஸும் பெரும்பாலும் இதுதான். இதற்கு வெப்ப உறை போடுவது ஆடம்பரமில்லை.

பூஸ்ட் கன்ட்ரோல் சோலனாய்டு சேர்க்கிறேன். எந்த நிப்பிள் எது?

மூன்று வாய் கொண்ட சோலனாய்டில் ஒவ்வொரு தயாரிப்புக்கும் எண் வேறு. எண்ணை நம்பாமல் கையில் வைத்துச் சோதியுங்கள். கரன்ட் கொடுக்காத நிலையில் டர்போவிலிருந்து வரும் காற்று ஆக்சுவேட்டருக்கு முழுதாகப் போக வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் ஆக்சுவேட்டர் பக்கத்துக் காற்று மூன்றாவது வாய் வழியாக வெளியே போக வேண்டும். வயர் அறுந்தாலும் ஃப்யூஸ் போனாலும் பூஸ்ட் குறைந்தபட்ச அளவுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். டர்போவிலேயே கட்டப்பட்ட வேஸ்ட்கேட்டின் ஒற்றை வாய் ஆக்சுவேட்டருக்கு இது பொருந்தும். இரண்டு வாய் கொண்ட, தனியாக வெளியே இருக்கும் வேஸ்ட்கேட்டுக்கு இணைப்பு வேறு.

கம்பெனி சோலனாய்டு இருந்த ஹோஸ்களை மாற்றும்போது பழைய ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். சில கார்களில் உள்ளே குண்டூசி அளவு ஓட்டையோடு ஒரு சிறு பித்தளைத் துண்டு இருக்கும். சிக்னலை மட்டுப்படுத்த வைத்தது அது. புது ஹோஸில் அதை எடுத்துப் போடாவிட்டால் பூஸ்ட் கணக்கு மாறிவிடும்.

சிலிக்கான் ஹோஸ் எல்லா இடத்துக்கும் சரியா?

சிக்னல் லைன்களுக்கு அருமை. 4 மில்லிமீட்டர் உள்விட்டம், சுவர் தடிமன் குறைந்தது 2 மில்லிமீட்டர். நீல, சிவப்புச் சுருள்களாக மலிவாக விற்பதில் சில, பூஸ்டில் ஊதிக்கொள்ளும், வளைவில் மடங்கி அடைக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆயில் ஆவியும் பெட்ரோல் ஆவியும் போகும் இடத்துக்கு வெறும் சிலிக்கான் ஆகாது. பிசிவி, கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடிக்கும் டப்பா), கேனிஸ்டர் லைன்களில் சில மாதத்தில் ஊறிப் பெருத்து, வெளியே பிசுபிசுவென வியர்க்கும். அங்கே ஆயில், ஃப்யூயல் தாங்கும் ரப்பர்தான்.

பிசிவி-யைக் கழற்றிவிட்டு ஒரு ஃபில்டர் வைத்துவிடலாமா?

செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். எஸ்ஆரில் வால்வு கவரிலிருந்து வரும் மூச்சுக்குழாய் டர்போவுக்கு முன்னால் உள்ள இன்டேக் குழாயில் சேரும். பூஸ்டில் பிசிவி வால்வு மூடிக்கொள்ள, கிராங்க்கேஸ் காற்று அந்த வழியாக வெளியேறும். இந்த இரண்டில் ஒன்றை அடைத்தாலோ, பிசிவி வால்வு பூஸ்டைத் தடுக்காமல் விட்டாலோ, அழுத்தம் கிராங்க்கேஸில் தங்கும். அப்புறம் ரியர் மெயின் சீலில் கசிவு, டிப்ஸ்டிக் மேலே எழும்புவது, டர்போவிலிருந்து புகை என்று வரிசையாக வரும். டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றுகிறவர்கள் இந்தப் பத்து ரூபாய் ஹோஸைப் பார்ப்பதில்லை.

புளோ-ஆஃப் வால்வை வெளியே விட்டால் சத்தம் நன்றாக இருக்குமே?

சத்தம் நன்றாகத்தான் இருக்கும். கம்பெனி இசியூ-வோடு ஓடும் எஸ்ஆரில் காற்றை ஏர்ஃப்ளோ மீட்டர் அளந்து முடித்துவிட்டது. அளந்த காற்றை வெளியே விட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போகும். கியர் மாற்றும்போது கரும்புகை, சிக்னலில் நிற்க வரும்போது இன்ஜின் ஆஃப். திரும்ப இன்டேக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஐடில் ஏறி இறங்குகிறது. எங்கே தேடுவது?

முதலில் ஒரு வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். சூடான, கம்பெனி கேம் கொண்ட எஸ்ஆர் ஐடிலில் 18 முதல் 20 அங்குலப் பாதரசம் காட்ட வேண்டும். 14, 15 என்று ஆடினால் எங்கோ உறிஞ்சுகிறது, அல்லது டைமிங் தப்பு.

ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள இன்ஜினில் ஒரே ஓட்டை இரண்டு முகம் காட்டும். ஐடிலில் அளக்காத காற்று உள்ளே வருவதால் லீன், பூஸ்டில் அளந்த காற்று வெளியே போவதால் ரிச். ஐடிலில் ஏறி இறங்கி, ரோட்டில் கரும்புகை விடும் கார் என்றால் நான் இசியூ-வைத் தொடுவதற்கு முன் ஹோஸ்களைத்தான் பார்ப்பேன். மேப் சென்சார் உள்ள இன்ஜின் வேறு மாதிரி: உள்ளே வந்த காற்றையும் அழுத்தமாக அது கண்டுகொள்வதால் கலவை அவ்வளவு கெடாது, ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும்.

கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடும் பழக்கத்தை டர்போ காரில் விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் இருக்கிறது. புகை மெஷின் கிடைத்தால் அதுதான் சுலபம்.

கிடைக்கவில்லையென்றால் பூஸ்ட் லீக் டெஸ்ட். இன்ஜின் ஆஃப். டர்போ இன்லெட்டில் டயர் வால்வு பொருத்திய மூடியை இறுக்கி, வால்வு கவரின் மூச்சுக்குழாய் சேரும் வாயை அடைத்துவிட்டு, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரால் மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். ஒரேயடியாக 30 ஏற்றினால் சீல்கள் போகும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். ஆயில் மூடியிலும் எக்ஸாஸ்டிலும் லேசான இரைச்சல் கேட்பது சகஜம். சிலிண்டர்களில் ஒன்றிரண்டின் வால்வு திறந்துதான் நிற்கும். அடிக்கடி குமிழி விடுவது பெரிய குழாய்களைவிட, பயன்படுத்தாத நிப்பிள்களில் மாட்டிய கறுப்பு ரப்பர் மூடிகள்தான். மேலே பார்க்கப் புதிதாக இருக்கும். கழற்றி வளைத்தால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரியும். பூஸ்டில் சில நேரம் அப்படியே பறந்தும் போகும். தேவையில்லாத நிப்பிள் என்றால் திருகு போட்டு அடையுங்கள், முடியாவிட்டால் தடித்த சிலிக்கான் மூடியும் கிளிப்பும்.

கிளிப்பா, ஜிப் டையா?

ஸ்பிரிங் கிளிப். ஹோஸ் சூட்டில் சுருங்கினாலும் அது கூடவே இறுகும். ஜிப் டை ஒரே இடத்தில் அழுத்தி மெல்ல சிலிக்கானை அறுக்கும். பழைய ஹோஸ் தளர்ந்திருந்தால் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவது தற்காலிகத்துக்குச் சரி. பிளாஸ்டிக் டீ, எல்போ எல்லாம் முப்பது வருடச் சூடு தின்றவை, தொட்டாலே உடையும். மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

ஃபயர்வாலுக்குப் போகும் ஹோஸ்களில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் மவுன்ட்டில் நன்றாகவே சாயும். இழுத்துக் கட்டிய ஹோஸ் அந்தச் சாய்வில்தான் கழலும்.

கேனிஸ்டரையே எடுத்துவிடலாமா?

பெட்ரோல் வாடை காருக்குள் வரும், அதனால் வேண்டாம். பர்ஜ் லைனில் பூஸ்டைத் தடுக்கும் செக் வால்வு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதில் வேறு வழியே கிடையாது. அங்கே இன்ஜின் மாற்றிய கார் மாநில ரெஃப்ரி எனும் எமிஷன் பரிசோதகரிடம் போக வேண்டும். எமிஷன் உறுப்புகள் இருக்கின்றனவா, லைன்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்ப்பார்கள்.

என்னுடையது எஸ்ஆர் இல்லை, 2ஜேஇசட்-ஜிடிஇ. இதெல்லாம் பொருந்துமா?

ரெகுலேட்டர், பிரேக் பூஸ்டர், பிசிவி விஷயங்கள் அப்படியே பொருந்தும். மற்றது வேறு உலகம். டொயோட்டா சூப்ராவின் அந்த இன்ஜினில் இரண்டு டர்போ ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். எப்போது இரண்டாவதை எழுப்புவது என்பதை நான்கு சோலனாய்டுகளும், ஒரு பிரஷர் டேங்கும், அவற்றால் இயங்கும் ஆக்சுவேட்டர்களும் தீர்மானிக்கின்றன. ஒரே ஒரு ஹோஸ் இடம் மாறினாலும் 4,000 ஆர்பிஎம் பக்கத்தில் வண்டி தூங்கிவிடும். மஸ்தா ஆர்எக்ஸ்-7-இன் 13பி-ஆர்இடபிள்யூ இன்னும் மோசம். அதன் ஹோஸ் கூட்டத்துக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த பெயரே எலிக்கூடு.

இந்த இரண்டுக்கும் இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போதே, ஒவ்வொரு ஹோஸின் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டி, நாலா பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். மொத்தமாக உருவாதீர்கள். ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் கை பம்பால் தனித்தனியாக ஊதி, கம்பி நகர்கிறதா, நகர்ந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். இன்ஜின் உள்ளே இறங்கிய பிறகு அவற்றில் பாதிக்குக் கையே போகாது.